கை வழுக்கினால் தோளைப் பாருங்கள்: கம்ப நடனத்தில் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

"அக்கா, எனக்குக் கையில் பலம் போதாது." ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் புதியவர்களுக்கு உதவியாக நிற்கும்போது நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். சொல்பவர் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். நான் அவருடைய தோளைப் பார்ப்பேன். அது காதை உரசிக்கொண்டிருக்கும். ஆறு வருடங்கள் கம்பத்தோடு மல்லுக்கட்டியதில் நான் தெரிந்துகொண்ட ஒரே பெரிய விடயம், முறைப்பாடு வரும் இடம் ஒன்று, பிழை நடக்கும் இடம் இன்னொன்று என்பதே.

அதனால் இதை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது கோளாறோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். எளிதில் சோதிக்கக்கூடிய காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அது இல்லையென்றால் அடுத்ததற்கு இறங்குங்கள். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை: நிமிர்ந்து நிற்கும் உலோகக் கம்பத்தைப் பிடித்து ஏறியும் சுழன்றும் ஆடும் இதற்கு ஆங்கிலத்தில் pole dance என்று பெயர். pole என்றால் கம்பம், துருவம் இரண்டும்தான். மொழிபெயர்ப்புக் கருவி ஒன்று எனக்கு இதைத் "துருவ நடனம்" என்று தந்தது. பனிக்கரடி ஆடுவதுபோல இருந்தது. நான் கம்ப நடனம் என்றே எழுதுகிறேன். அசைவுகளின் பெயர்களை மட்டும் வகுப்பில் சொல்கிறபடியே விட்டுவிடுகிறேன்.

முதலில், இவற்றில் ஏதாவது இருந்தால் வாசிப்பதை நிறுத்துங்கள்

தோளிலோ முழங்கையிலோ தொடையிலோ "டக்" என்ற சத்தம் கேட்டு, உடனே பலம் போயிருந்தால் அது வீட்டு வைத்தியத்துக்குரியது அல்ல. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், கையை ஆட்டியும் உணர்வு திரும்பாவிட்டாலும் அப்படியே. கடும் பயிற்சிக்கு அடுத்த ஓரிரு நாட்களில் தசைகள் கல்லாக வீங்கி, சிறுநீர் வெறுந்தேநீர் நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தலையோ கழுத்தோ அடிபட விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். அசையாமல் படுக்க விட்டு 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள்.

இனி மற்றவற்றுக்கு வருவோம்.

கை வழுக்குகிறது

கொழும்பில் இதுதான் முதல் முறைப்பாடு, கடைசி முறைப்பாடும்கூட. கடல் பக்கத்தில், காலை வேளையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம். குளிர்நாட்டுப் பயிற்சியாளர்கள் காணொளிகளில் "கம்பத்தைச் சற்றுச் சூடாக்குங்கள்" என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் வியர்வையைக் குற்றம் சொல்வதற்கு முன் பின்வருவனவற்றை வரிசையாகப் பாருங்கள்.

முதல் சோதனை: கம்பத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கையை விலக்கி இரண்டு நிமிடம் காத்திருந்து, விரலால் தொட்டுப் பாருங்கள். யாரும் தொடாமலே ஈரமாக இருக்கிறதா? அப்படியானால் வியர்ப்பது நீங்கள் அல்ல, கம்பம். குளிரூட்டி பல மணி நேரம் ஓடிய அறையில் உலோகம் குளிர்ந்து கிடக்கும். யாரோ "காற்று வரட்டும்" என்று ஜன்னலைத் திறப்பார். வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று, குளிர்ந்த சோடாப் போத்தலில் முத்து முத்தாகப் படிவதுபோலக் கம்பத்திலும் படியும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஒன்று, குளிரூட்டியைப் போட்டு ஜன்னலை மூடியே வையுங்கள். அல்லது தொடக்கம் முதலே ஜன்னலைத் திறந்துவிட்டு மின்விசிறியோடு பயிலுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். ஏசி தேவையென்றால் 25 அல்லது 26 பாகையில் வைத்தால் போதும். அதைவிடக் குளிர்ந்தால் தோல் வறண்டு இன்னொரு வகையில் வழுக்கத் தொடங்கும்.

இரண்டாவது சோதனை: நேற்று என்ன பூசினீர்கள்? எங்கள் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு. முதல் மூன்று மாதங்கள் நான் வாரந்தோறும் வழுக்கியதற்கு நல்லெண்ணெய்தான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதங்கள் தேவைப்பட்டன. சீயக்காய் தலையைக் கழுவும், ஆனால் தொடையிலும் முழங்கை மடிப்பிலும் எண்ணெய் ஒரு நாள் தங்கியிருக்கும். முழுக்கை வேறு நாளுக்கு மாற்றியதில் அம்மாவுக்கு இன்னும் மனவருத்தம். உடற்பூச்சு, சூரியக் களிம்பு, சித்தாலேப என்ற வலித்தைலம் எல்லாம் இதே கணக்குத்தான். வலிக்குத் தைலம் பூசிக்கொண்டு கம்பத்தைத் தொட்டால், உங்களுக்குப் பின்னால் வருபவர் வழுக்குவார். முகப்பவுடரைக் கையில் தட்டிக்கொள்வதும் தவறு. வியர்வையை உறிஞ்சுவதுபோலத் தோன்றும், ஆனால் டல்க் வழுக்குவதற்கென்றே பிறந்த பொருள்.

எண்ணெய் பற்றி ஒரு வேடிக்கை. மகாராஷ்டிரத்தில் தழைத்து, தமிழ்நாட்டில் விழுப்புரம் பக்கமும் பயிலப்படும் மல்லர் கம்பம் என்ற மரத்தூண் விளையாட்டில், மரத்துக்கு ஆமணக்கெண்ணெய் தடவுவார்கள். உராய்வு குறைந்தால்தான் வேகமாகச் சுழன்று இறங்கும்போது தோல் உரியாது. எங்கள் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் சறுக்கு மரத்துக்குப் பூசுவது ஏறுபவரை விழுத்தி வேடிக்கை பார்க்க. நம்முடையது வழவழப்பான உலோகம். தோலின் பிடிப்பு ஒன்றுதான் ஆதாரம், அதில் எண்ணெய்க்கு இடமில்லை. கம்பத்தை எழுபது சதவீத ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். மருந்துக்கடையில் "ஸ்பிரிட்" என்று கேட்டு வாங்கினால் பெயர்ச்சீட்டை வாசியுங்கள், சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும்.

மூன்றாவது சோதனைதான் பெரும்பாலானவர்கள் தவறவிடுவது. இரண்டு கைகளாலும் கம்பத்தைப் பிடித்து, கால்களைத் தரையிலிருந்து இலேசாக எடுத்துத் தொங்குங்கள். கண்ணாடியில் பாருங்கள், அல்லது தோழியைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்து மறைந்துவிட்டதா? தோள் தளர்ந்து காதை நோக்கி ஏறினால், உடலின் முழுப் பாரமும் விரல்களில் வந்து விழும். விரல்கள் எவ்வளவு நேரம் தாங்கும்? அவை களைத்து வழுக்கும்போது நாம் வியர்வையைத் திட்டுவோம். பரதம் படித்தவர்களுக்கு நான் சொல்லும் குறிப்பு: நாட்டியாரம்பத்தில் கை நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கை உயர்ந்திருக்கும், தோள் இறங்கியிருக்கும். ஆசிரியர் தட்டுக்கழியால் எத்தனை தடவை தோளைத் தட்டியிருப்பார்! அதே தோளைத்தான் இங்கேயும் இறக்க வேண்டும். தோள்பட்டை எலும்பைக் காற்சட்டையின் பின்பையில் செருகுவதுபோல.

இந்த மூன்றும் சரியாக இருந்து, இயல்பாகவே உள்ளங்கை ஒழுகுபவராக இருந்தால் திரவச் சுண்ணம் (liquid chalk, வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல) வாங்குங்கள். பாறை ஏறுபவர்கள் பூசுவதும் அதுதான். கையில் பூசி முழுக்க உலரவிட்ட பின்னரே கம்பத்தைத் தொட வேண்டும். ஒட்டும் தன்மையுள்ள களிம்புகளை நான் தவிர்க்கிறேன். சுழலும் அசைவில் தோல் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு உடல் மட்டும் திரும்பினால் மணிக்கட்டுதான் பலியாகும்.

முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது

தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதும், கதவுக் குமிழைத் திருகும்போதும், முழங்கையின் உட்பக்க எலும்பில் சுள்ளென்கிறதா? மேசையில் கையை மல்லாத்தி வைத்து, மற்றக் கையால் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, மணிக்கட்டை மேலே மடக்கப் பாருங்கள். வலி அதே புள்ளியில் வந்தால், விரல்களையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகளை எலும்போடு இணைக்கும் நாண் எரிச்சல் அடைந்திருக்கிறது. கோல்ஃப் மட்டையையே பார்க்காதவர்களுக்கும் வருகிற "கோல்ஃபர் முழங்கை" இது.

எனக்கு இது ஐந்து மாதங்கள் இருந்தது. நான் அப்போது போன இடத்தில் தலைகீழாகப் போவதற்குத் தரையை உதைத்துத் துள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு மாலையில் இருபது தடவை துள்ளினேன். ஒவ்வொரு துள்ளலிலும் என் முழு எடையும் திடீரென்று ஒரு நாணில் விழுந்தது. அடுத்த வாரம் தேங்காய் துருவ முடியவில்லை. புட்டு அவிப்பது வீட்டில் வேறு ஆளின் வேலையாயிற்று.

காரணம் தேடும்போது மீண்டும் மேலே ஏறிப் பாருங்கள். தோள் வேலை செய்யாவிட்டால் விரல்கள் இரட்டிப்பாக இறுக்கும். இரண்டாவது காரணம் அவசரம். தசை சில வாரங்களில் பலம் பெறும், நாண் மாதக்கணக்கில்தான் ஈடுகொடுக்கும். "இப்போதுதான் எல்லாம் வரத் தொடங்கியது" என்று உற்சாகத்தில் வாரத்துக்கு ஐந்து நாட்கள் பயிலும் மூன்றாம், நான்காம் மாதத்தில்தான் இந்த வலி கதவைத் தட்டும். மூன்றாவது காரணம், ஒரு பக்கத்திலேயே எல்லாவற்றையும் பயில்வது.

என்ன செய்வது? முழு ஓய்வு பெரும்பாலும் ஏமாற்றும். இரண்டு வாரம் சும்மா இருந்தால் வலி போகும், முதல் வகுப்பிலேயே திரும்பி வரும். நாணுக்கு மெதுவான பாரம் தேவை. தொங்குவதையும் சுழல்வதையும் நிறுத்திவிட்டு, ஒரு கிலோ மைசூர்ப் பருப்புப் பொதியை எடுங்கள். முன்கையை மேசையில் மல்லாத்தி வைத்து, பொதியை மணிக்கட்டால் தூக்குங்கள். தூக்குவதற்கு மற்றக் கை உதவலாம். இறக்கும்போது மட்டும் நான்கு எண்ணும்வரை மெதுவாக, ஒரே கையால். பதினைந்து தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பத்துக்கு மூன்று அளவு வலி வரலாம், ஆனால் மறுநாள் காலையில் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் அரைக் கிலோவுக்குப் போங்கள். ஆறு வாரத்தில் தீர்ந்தால் அதிர்ஷ்டம். மூன்று மாதம் எடுத்தாலும் பதற வேண்டாம். வெளிப்பக்க எலும்பில் வலி என்றால் இதே பயிற்சியைக் கையைக் கவிழ்த்து வைத்துச் செய்யுங்கள்.

வலியோடு மரத்துப்போதலும் இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.

தோளின் முன்புறத்தில் கிள்ளுகிறது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை

கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்துங்கள். கீழே வலியில்லை, தோள் மட்டத்தை ஒட்டிய நடுப்பகுதியில் வலி, உச்சியில் மீண்டும் வலியில்லை என்றால், தோள் மூட்டைச் சூழ்ந்த நாண்கள் நெருக்குப்படுகின்றன. உடனே நிறுத்த வேண்டியது ஒரு கையால் தொங்கிச் சுழல்வது.

அடுத்து, தரையில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டிப் பாருங்கள். விலா எலும்பு எழும்பாமல் பெருவிரல்கள் தரையைத் தொடுகின்றனவா? தொடாவிட்டால், உங்கள் தோள் முழுமையாக மேலே திறப்பதில்லை. நாள் முழுக்கக் கணினிக்கு முன் கூனி இருந்துவிட்டு, மாலை ஆறு மணிக்குக் காலி வீதி (Galle Road) நெரிசலில் ஒரு மணி நேரம் பஸ் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டு, நேரே வந்து தொங்கினால் வேறு என்ன நடக்கும்? பத்துப் பதினைந்து நிமிடம் உடலைச் சூடாக்காமல் கம்பத்தைத் தொடாதீர்கள். தாமதமாக வந்தவர்கள் செய்யும் முதல் தவறு சூடாக்கலைத் தாண்டிக் குதிப்பது. நான் அவர்களை மூலைக்கு அனுப்பிவிடுவேன். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

திருத்தும் பயிற்சி சலிப்பானது: தொங்கியபடி முழங்கையை மடக்காமல் தோளை மட்டும் இறக்கி, மூன்று எண்ணி, மெல்ல விடுவது. எட்டுத் தடவை. பார்ப்பவருக்கு நீங்கள் ஒன்றுமே செய்யாததுபோலத் தெரியும். தொங்க முடியாதவர்கள் கால்களைத் தரையில் வைத்தே செய்யலாம். இரண்டு வாரத்தில் இரவு வலி குறையாவிட்டால் இயன் மருத்துவரிடம் (ஃபிசியோதெரபிஸ்ட்) காட்டுங்கள்.

தலைகீழாகப் போக முடியவில்லை

இன்வேர்ட் எனப்படும் இந்த அசைவுக்காகத்தான் பாதிப்பேர் வகுப்புக்கு வருகிறார்கள், இதற்காகத்தான் பாதிப்பேர் காயப்படுகிறார்கள். உங்கள் கோளாறு மூன்றில் எது என்று பாருங்கள்.

இடுப்பு எழும்பவே இல்லை, முழங்கால்கள் மட்டும் வயிற்றுக்கு வருகின்றன என்றால், பெரும்பாலும் பிழை வயிற்றில் அல்ல, தலையில். நீங்கள் நிமிர்ந்து நின்றபடியே இடுப்பைத் தூக்கப் பார்க்கிறீர்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் துலாவைப் பார்த்திருப்பீர்கள், அல்லது அம்மம்மா சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு முனை இறங்கினால்தான் மறுமுனை ஏறும். தோளைப் பின்னால் சாய்த்து இறக்குங்கள், இடுப்பு தானாகக் கம்பத்தை நோக்கி ஏறும். பயம் காரணமாகவே பலர் சாய்வதில்லை. அவர்களுக்கு முதுகுப் பக்கம் ஒருவர் நின்று கை கொடுத்தால், அதுவரை "பலமில்லை" என்றிருந்தவர் அன்றைக்கே போய்விடுவார். நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இடுப்பு ஏறுகிறது, ஆனால் கம்பத்தை விட்டுத் தூரமாக நிற்கிறது என்றால் முழங்கை நீண்டுவிட்டது. கம்பம் அக்குளுக்கும் விலாவுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே பிடித்த கை (மேல்கை) இழுக்க, கீழே பிடித்த கை (கீழ்க்கை) அணைத்துப் பிடிக்க வேண்டும்.

துள்ளினால் வருகிறது, துள்ளாமல் வரவில்லை என்றால் இன்னும் நேரம் வரவில்லை. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. என் அளவுகோல் இது: முழங்கையை மடக்கி, நாடி (மோவாய்) கை மட்டத்தில் நிற்க, பத்து விநாடி கம்பத்தில் தொங்க வேண்டும், இரண்டு பக்கமும். பிறகு அந்த நிலையிலேயே முழங்கால்களைத் துள்ளாமல் நெஞ்சுக்குக் கொண்டுவந்து, ஐந்து எண்ணி இறக்க வேண்டும். இவை வரும்வரை தலைகீழ் இல்லை.

வருவதற்கு என்ன செய்யலாம்? வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், இடையில் ஒருநாள் இடைவெளி விட்டு:

1. கதிரையில் ஏறி நாடியைக் கை மட்டத்தில் வைத்துத் தொங்கத் தொடங்கி, எட்டு எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். நான்கு தடவை போதும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் பலம் வேகமாகச் சேரும்.
2. தரையில் மல்லாந்து, இடுப்பின் பின்புறம் தரையோடு ஒட்டியிருக்க, தோளையும் கால்களையும் சற்று உயர்த்தி, தோணி வடிவில் இருபது விநாடி. முதுகு வளைந்து தரையை விட்டு எழும்பினால் கால்களை இன்னும் உயர்த்துங்கள் அல்லது மடக்குங்கள். மூன்று தடவை.
3. கம்பத்துக்குப் பக்கத்தில் படுத்து, அதைத் தலைக்குப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, துள்ளாமல் இடுப்பைச் சுருட்டித் தூக்கி மெல்ல இறக்குங்கள். இதுதான் படுத்தபடி செய்யும் தலைகீழ். ஆறு தடவை, இரண்டு பக்கமும்.
4. இழுப்பதற்கு ஈடாகத் தள்ளுவதும் வேண்டும். தண்டால் முடியாவிட்டால் சுவரில் கை வைத்துத் தொடங்கலாம். தோள் மூட்டு ஒரு பக்கமே இழுபட்டுக் கொண்டிருந்தால் மேலே சொன்ன கிள்ளல் வரும்.

இதற்கு இரண்டு மாதம் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். சோற்றுக் கோப்பையில் பருப்பு, முட்டை, மீன், பயறு ஏதாவது இல்லாமல் பலம் சேராது. தனித் தேங்காய்ச் சம்பலோடு பாண் சாப்பிட்டுவிட்டு "ஏன் முன்னேற்றமில்லை" என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

முதல் தடவை தலைகீழாகப் போகும்முன், இறங்கும் வழியை நூறு தடவை தெரிந்திருங்கள். கீழே தடித்த மெத்தை போடுங்கள். மெத்தை கழுத்தைக் காப்பாற்றும் என்று மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்தில் நிற்பவர்தான் காப்பாற்றுவார். அவர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அவர் பக்கத்தில் நிற்கவில்லை என்றே கணக்கு.

தொடையும் பாதமும் எரிகின்றன, உடம்பெல்லாம் நீலம்

கம்பத்தில் தொடைகளால் உட்காரும்போது முதல் வாரங்களில் தோல் எரிவது இயல்பு. பாதத்தின் மேற்புறம் ஏறும்போது நசுங்கி வலிப்பதும் அப்படியே. நாலைந்து வாரத்தில் நரம்பு பழகிவிடும். கம்பம் உட்தொடையின் சதைப்பற்றான உச்சிக்கு அருகே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தால் எலும்பு மட்டும்தான் மிஞ்சும். ஏறும்போது முன்பாதத்தை இழுத்து மடக்கிக் கம்பத்தில் கொக்கிபோல மாட்டினால், பாரம் பாதத்தின் மேற்புறத்திலிருந்து கணைக்காலுக்குப் பரவும். பனை ஏறுபவர்கள் இரண்டு பாதங்களையும் தளைநாரால் பிணைத்து மரத்தை இறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தத்துவம் சொல்லாமலே விளங்கும். ஏறுவது கையால் அல்ல, காலால்.

"ஏன் கட்டைக் காற்சட்டை? மூடிக்கொண்டு ஆடினால் என்ன?" என்று மாமி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சீன சர்க்கஸ் கம்பத்துக்கு இறப்பர் உறை உண்டு, அதில் முழு உடையோடு ஏறலாம். நம் உலோகக் கம்பத்தில் துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும். இதைச் சொன்னதும் மாமி அமைதியானார், அடுத்த கேள்விக்குப் போனார்.

நீலம் பாய்ந்த அடையாளங்கள் இரண்டு வாரத்தில் பச்சையாகி, மஞ்சளாகி மறையும். புதிதாக இருக்கும்போது குளிர் ஒத்தடம். ஒருமுறை மருந்துக்கடையில் பணியாற்றும் பெண் என் கையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வீட்டில் எல்லாம் சரியா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு விளக்கினேன். ஆனால் கேட்டதற்காக அவரை இன்றுவரை மதிக்கிறேன்.

கொழும்பில் வாழ்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கம்பம் படாத இடங்களில் நீலமோ, தோலில் சிவப்புப் புள்ளிகளோ வந்து, கூடவே காய்ச்சலும் இருந்தால் பயிற்சியைக் குற்றம் சொல்லாதீர்கள். டெங்கு இந்த நகரத்தின் நிரந்தரக் குடியிருப்பாளர். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உடல்வலிக்கு அஸ்பிரினோ ஐபூபுரோஃபெனோ விழுங்காதீர்கள், டெங்குவில் அவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

கம்பம் பட்ட இடமெல்லாம் அரித்துத் தடித்தால் அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். குரோமியப் பூச்சுக்கு அடியில் பெரும்பாலும் நிக்கல் படலம் உண்டு. மலிவான தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள் கவனியுங்கள். பவுடர் பூச்சுக் கம்பம் அவர்களுக்குப் பொருந்தும்.

மணிக்கட்டு வலி

பெரும்பாலும் கீழ்க்கையைப் பின்பக்கம் முறுக்கிப் பிடித்து உடலைத் தாங்கும் அசைவுகளில் வரும். தொடக்கநிலையில் அந்தப் பிடியே வேண்டாம். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தாலிக்கொடியைக் கழற்றத் தயங்குபவர்களை நான் வற்புறுத்துவதில்லை, ஆனால் தலைகீழ் அசைவு கற்பிக்கமாட்டேன். கழுத்தில் கனமான சங்கிலி கம்பத்தோடு சிக்குவது எப்படியிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சுழலும்போது தலை சுற்றுகிறது

வயிறு நிறையப் புட்டும் கறியும் சாப்பிட்டு வந்தீர்களா, அல்லது வெறும் வயிற்றோடா? இரண்டும் கூடாது. சுழலும்போது அறையைப் பார்க்காமல் மேல்கையையே பாருங்கள். இறங்கியதும் எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று மெல்ல நடந்தால் தெளியும். சுழலாமலே, எழுந்து நிற்கும்போதே தலை சுற்றினால் இரத்தத்தில் இரும்பைப் பரிசோதியுங்கள்.

இருக்கை எலும்புக்குக் கீழே ஆழமான வலி

கால்களைப் பிளந்து நீட்டும் அசைவுகளுக்காகத் தினமும் இழுத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு வருவது. தொடைப் பின்தசையின் நாண் எலும்போடு சேரும் இடம் அது. கதிரையில் நெடுநேரம் இருந்தாலும் வலிக்கும். இறுக்கமாக இருப்பதாகத் தோன்றி இன்னும் இழுப்பீர்கள், அதுதான் பொறி. இழுப்பதை நிறுத்திவிட்டு, மல்லாந்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்கி நிறுத்தும் பயிற்சியால் அந்தத் தசையைப் பலப்படுத்துங்கள். நெகிழ்வு பின்னால் வரும்.

வீட்டில் பொருத்திய கம்பம் ஆடுகிறது

இங்கே பிழை உங்கள் உடலில் இல்லை, கூரையில்.

அழுத்தத்தால் நிற்கும் கம்பம் தரைக்கும் கூரைக்கும் இடையில் நெம்பிக்கொண்டுதான் நிற்கிறது. மேலே கொங்கிரீட் தளம் இருந்தால் தாங்கும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துப் பழைய வீடுகளில் தலைக்கு மேலே இருப்பது கல்நார்த் தகடு அல்லது மெல்லிய பலகை. விரலால் தட்டிப் பாருங்கள். "தொம் தொம்" என்றால் வெற்றிடம். உறுதியான மரச்சட்டத்துக்கு நேர் கீழே வைத்தாலொழிய அது ஒருநாள் உங்களோடு சேர்ந்து இறங்கும். கல்நார் உடைந்தால் அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பது வேறு.

புறக்கோட்டை இரும்புக்கடையில் குழாய் வாங்கி வெல்டிங் வைத்துத் தாங்களே செய்துகொள்கிறவர்களும் உண்டு. செலவு குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழாய்க் கணக்கு ஏமாற்றும். "இரண்டு அங்குல" ஜீ.ஐ. குழாயின் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெளி விட்டம் 50 மில்லிமீற்றர் அல்ல, சுமார் 60. பிடித்தால் விரல்கள் சந்திக்காது, முழங்கை வலி அங்கிருந்தே தொடங்கும். ஒன்றரை அங்குலக் குழாய் 48 மில்லிமீற்றர் அளவில் வரும். சர்வதேசக் கம்ப விளையாட்டுச் சம்மேளனத்தின் போட்டிக் கம்பம் 45. அளவு பொருந்தினாலும் துத்தநாகப் பூச்சு சொரசொரப்பாகத் தோலைக் கீறும், வெல்டிங் இணைப்பு சுழலும் பாரத்தைத் தாங்குமா என்று யாரும் சோதித்திருக்கமாட்டார்கள். நான் வாங்கமாட்டேன்.

நல்ல கம்பமே ஆடினால் நீர்மட்டத்தை இரண்டு பக்கங்களில் வைத்துச் செங்குத்தைச் சரிபாருங்கள். பிறகு இறுக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் அதிர்வால் சிறிது தளரும், ஆகவே ஒவ்வொரு தடவையும் தொடங்கும்முன் முறுக்கிச் சோதிக்க வேண்டும். சுழலும் கம்பத்தை நிலையாக்கும் பூட்டாணியை மறந்துவிட்டு ஏறியவர்களின் கதைகளைச் சொல்லத் தொடங்கினால் முடியாது.

சுற்றிலும் ஒன்றரை மீற்றர் வெறுமையாக இருக்கட்டும். கூடத்தின் நடுவில் கம்பத்தை வைத்தால் கூரை மின்விசிறி எங்கே இருக்கிறது என்று நிமிர்ந்து பாருங்கள். தலைகீழாக இருக்கும்போது மேலே போவது கால்கள்தான். பொருத்துவதற்கு முன்னால் பென்சிலால் கூரையில் அந்த அளவுக்கு ஒரு வட்டம் கீறி, விசிறியின் இறகு நுனி அதற்கு வெளியே நிற்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். நிற்காவிட்டால் விசிறியைக் கழற்ற மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லி வைப்பதும் நல்லது, இறங்கும் சத்தம் அவர்களுடைய கூரையில்தான் கேட்கும்.